பேஷன்ட் அண்ணாச்சி

உக்காருங்க அண்ணாச்சி, இடம் இருக்கு. தலகாணியத் தூக்கி மடியில வச்சுக்கிடுதேன். இல்லல்ல, எனக்கு ஒண்ணும் உடம்புக்கு இல்ல. ஆஸ்பத்திரிக்கும் போகல. பரீட்சைக்குப் போறேன்.

சிரிக்காதிய. கண்டக்டரும் இப்படித்தான் சிரிச்சாரு. மத்தவன் பேனாவோட போவான், நான் ரெண்டு தலகாணியோட போறேன். இந்தப் பரீட்சைக்கு அதுதான் பேனா.

எனக்கு அம்பத்திரண்டு. பேரு கோமதிநாயகம். சங்கரங்கோவில்ல ஸ்பின்னிங் மில்லுல இருபத்தேழு வருசம் டைம்கீப்பர். எவன் எத்தன மணிக்கு வந்தான், எத்தன மணிக்குப் போனான், அதான் வேலை. பத்தாவதே மில்லுல சேந்த பெறகு, அந்தியில டுடோரியல்ல உக்காந்து படிச்சதுதான். மில்ல மூடிட்டான். வீட்ல சும்மா கெடந்தேன். சமுதாயக் கல்லூரின்னு ஒரு போர்டு பாத்தேன். ஹெல்த் அசிஸ்டென்ட், ஒரு வருசப் படிப்பு, வயசு வரம்பு இல்லன்னு போட்டிருந்தான். அந்தக் கடைசி வரிதான் என்னைப் படிக்க வச்சது.

ஹெல்த் அசிஸ்டென்ட்னா என்னன்னா, டாக்டரும் இல்ல, நர்சும் இல்ல. படுத்த படுக்கையா கெடக்கவுகள பாத்துக்கிடுத ஆளு. திருப்பிப் போடணும், ஊட்டணும், வாய் தொடைக்கணும், நாடி பாக்கணும், கட்டில்ல ஆள் கெடக்கும்போதே அவுகள எழுப்பாம விரிப்ப மாத்தணும். கடைசியா சொன்னதுதான் கஷ்டம். நீங்க ஒரு தடவ செஞ்சு பாத்தா தெரியும்.

இன்னைக்கு ரெண்டு மணிக்கு பிராக்டிக்கல். ரெண்டாவது தடவ எழுதுதேன். இதுல பாஸானாத்தான் சர்டிபிகேட். முப்பதாந்தேதிக்குள்ள சர்டிபிகேட்டக் காட்டுனாத்தான் வேலை. மகராஜநகர்ல ஒரு ரிட்டயர்டு வாத்தியாரு, ஒரு பக்கம் கை காலு விழுந்து போச்சு, வீட்டோட தங்கிப் பாக்க ஆள் கேக்காவ. வீட்டோடன்னு ஏஜென்சிக்காரன் ரெண்டு தடவ சொன்னான், நான் மாட்டேன்னு சொல்லிருவேன்னு நெனச்சிருக்கான். அவருக்கு ரேடியோ கேக்கணுமாம், பேச்சுத் துணை வேணுமாம். நான் ரேடியோவும் கேப்பேன்னு சொல்லிட்டேன்.

போன தடவ பெயிலான்னு கேக்கியளா? பெயில் ஆயிருந்தா கூட ஒரு கணக்கு. என் மார்க் சீட்டுல ஆப்சென்ட்னு போட்டிருக்கு. அன்னைக்குக் காலையில ஒம்பதரையில இருந்து சாயங்காலம் அஞ்சேகால் வரைக்கும் அந்த ரூம்ப விட்டு பத்து நிமிசம் நகந்திருப்பேன். இருபத்தேழு வருசம் அடுத்தவனுக்கு ஆப்சென்ட் போட்டவன், அதனால எனக்குக் கோவமெல்லாம் இல்ல. ஆனா சொல்லாம இருக்க முடியல பாத்துக்கிடுங்க.

முதல்ல இருந்து சொல்லுதேன். மானூரு வர இன்னும் நேரம் கெடக்கு.

கிளாஸ்ல இருபத்தோரு பொம்பளப்பிள்ளைக, நான் ஒருத்தன். பாடம் எடுக்கது ஜெசிந்தா மிஸ். ஒரு இரும்புக் கட்டில், பூட்டுன ஏதோ கிளினிக்ல இருந்து வாங்கினது. கட்டில்ல பொம்மை ஒண்ணு, ஆளு உசரத்துக்கு. அதோட வலது கை களண்டு போச்சு. நாம இடது பக்கமாத் திருப்புனா உடம்பு திரும்பும், கை நம்ம கையில நிக்கும். மிஸ் ஒரு வாரம் பாத்தாவ, பெறகு அந்தப் பொம்மைய பீரோவுக்கு மேல ஏத்திட்டாவ. "இனிமே ஆளை வச்சே பழகுவோம், ஒரு ஆளு படுங்க, மத்தவுக செய்ங்க"ன்னாவ.

ஒருத்தியும் படுக்கல.

ஆவுடைன்னு ஒரு பிள்ள, வாய்க்காரி. அதான் எந்திரிச்சுச் சொல்லிச்சு. "மிஸ், எங்கம்மா என்னக் கொன்னுரும். எனக்கு மாப்பிள்ள பாத்துட்டு இருக்காவ. நல்லாருக்க உடம்ப நோயாளி கட்டில்ல கெடத்துனேன்னு தெரிஞ்சா கோயில் கோயிலா இழுத்துட்டுப் போயி சுத்திப் போடும்." அம்புட்டுத்தான். அடுத்தடுத்து எல்லாருக்கும் ஒரு அம்மா, ஒரு மாமியா. அந்தக் கட்டில்ல யாரு யாரு செத்தாவளோன்னு ஒருத்தி. கால்மாட்டுல பேரும் நோயும் எழுதி அட்டை வேற மாட்டணும்லா, சொந்தப் பேர அதுல எழுதுனா பலிச்சிரும்னு இன்னொருத்தி. உடம்ப எப்படிப் பாத்துக்கிடணும்னு படிக்க வந்தவுக. மூணு நாளு பாடம் நகரல.

நாலாம் நாள் நான் போயி செருப்பக் களட்டிட்டுப் படுத்தேன். எனக்கு யாரு சுத்திப் போடப் போறா?

ஆவுடை கேட்டா, "அண்ணாச்சி, வீட்ல ஏசமாட்டாவளா?"

"வீட்ல யாரு இருக்கா ஏசதுக்கு"ன்னேன்.

வீட்டம்மா கோயம்புத்தூர்ல மக கூட இருக்கா. வேற ஒண்ணும் இல்ல, பேரன் பொறந்தப்ப ஒத்தாசைக்குப் போனா. பேரன் இப்ப ரெண்டாங்கிளாஸ் படிக்கான். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போன் பண்ணுவேன். நேரம் இருந்தா எடுப்பா.

அன்னையில இருந்து நான்தான் பேஷன்ட். பேரே அப்படி ஆயிப்போச்சு, பேஷன்ட் அண்ணாச்சி. திங்கக்கெழம எனக்குப் பக்கவாதம். செவ்வாக்கெழம இடுப்பெலும்பு முறிவு. புதன்கெழம சுகர் முத்திப்போயி காலு புண்ணு. வியாழக்கெழம நெஞ்சுவலி. வெள்ளிக்கெழம தியரி கிளாஸ், அதனால ஆரோக்கியமா இருப்பேன்.

சும்மா படுத்துக் கெடக்கிறதுன்னு நெனச்சிராதிய. பக்கவாதம்னா இடது கை அசையக் கூடாது. கொசு கடிக்கும். வலது கையால அடிக்கலாம், ஆனா பிள்ளைக அந்தக் கைய நாடி பாக்கன்னு புடிச்சிருக்கும். கெடப்பேன். மிஸ் ஒரு தடவ சொன்னாவ, "பாருங்க, பேஷன்ட்னா இப்படி இருக்கணும்." மில்லுல என்னை யாரும் அப்படிச் சொன்னதில்ல.

அதுல ஒரு சட்டம் உண்டு அண்ணாச்சி. தொடுததுக்கு முன்னால சொல்லணும். "அண்ணாச்சி, இப்ப உங்கள வலது பக்கமாத் திருப்பப் போறேன், சரியா?" அப்படின்னு கேட்டுட்டுத்தான் கை வைக்கணும். நாம சரின்னு சொல்லணும். ஒரு நாளைக்கு இருபத்தோரு பேரு நம்மகிட்ட சரியான்னு கேக்காவ. நாடி இருபத்தோரு தரம். கண்ண மூடிக்கிட்டே யாரு கைன்னு சொல்லிருவேன். ஆவுடை கை ஐஸ் மாதிரி இருக்கும், வாய்தான் சூடு. ஒரு பிள்ள கையில பீடி சுத்தி சுத்தி விரல் நுனி தேஞ்சிருக்கும், அதுக்கு நாடியே கெடைக்காது, தடவிக்கிட்டே இருக்கும். அவசரம் இல்ல, மெதுவாப் பாருன்னு சொல்லுவேன்.

ஊட்டுத பாடம் ஒண்ணு. தலைப்பக்கத்த ஒசத்தி, கழுத்துக்குத் துண்டு போட்டு, ஸ்பூன்ல ரசஞ்சோறு. முழுங்கிட்டியளான்னு கேட்டுட்டு அடுத்த வாய். அந்த மாசம் முழுக்க மத்தியானத்துக்கு நான் கட்டுச்சோறு கொண்டு போகல.

நடுவுல ரெண்டு நாளு எனக்கு நெசமாவே காய்ச்சல். வீட்ல படுத்துக் கெடந்தேன். தண்ணி எடுக்க எந்திரிக்க முடியல, எந்திரிச்சா செவரு சுத்துது. ரெண்டாம் நாளு சாயங்காலம் ஆவுடை போன் பண்ணுச்சு. "அண்ணாச்சி, நாளைக்காவது வருவியளா? நீங்க இல்லாம எங்க ரெக்கார்டு முடியாமக் கெடக்கு." காய்ச்சல் எப்படி இருக்குன்னு கேக்கல. சின்னப் பிள்ள, அதெல்லாம் தோணாது. ஆனா போன் பண்ணுச்சு பாத்தியளா. அந்த நம்பர அழிக்காம வச்சிருக்கேன்.

ஒரே ஒரு குறை. நான் எப்பவும் கட்டில்ல கெடந்ததால கட்டிலுக்கு வெளிய நின்னு ஒரு தடவ கூடச் செய்யல. என் முறை வரும்போது யாரு படுக்க? மிஸ் "உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே"ன்னு ரெக்கார்டு நோட்டுல கையெழுத்துப் போட்டுருவாவ. அதுவும் உண்மதான். திருப்பும்போது தோளுக்கு மட்டும் கை குடுத்து இடுப்ப விட்டுட்டா எங்க வலிக்கும், தலகாணிய எவ்வளவு உள்ள தள்ளணும், எல்லாம் என் முதுகுக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியாது.

வீட்டம்மாவுக்கு முன்ன ஒரு தடவ கர்ப்பப்பை ஆபரேசன். பாளையங்கோட்டையில எட்டு நாள் கெடந்தா. அப்ப இதெல்லாம் எனக்கு என்ன தெரியும்? ஷிப்டு வேற. ரெண்டு தடவ போயி கேரியர வச்சுட்டு வந்தேன். நர்சுக இருக்காவள்லா.

சரி, பரீட்சைக்கு வாரேன்.

வெளியில இருந்து வந்த எக்சாமினர் பேரு பரிபூரணம் அம்மா. பெரிய ஆஸ்பத்திரியில முப்பத்தஞ்சு வருசம் இருந்து ரிட்டயர்டு ஆனவுக. கனத்த உடம்பு, ரெண்டு காலும் வீங்கி செருப்பு வாரு பதிஞ்சிருந்துச்சு. சிரிப்பே கெடையாது. பிளாஸ்டிக் சேர்ல உக்காந்தாவ, "பேஷன்ட் ரெடியா?"ன்னாவ. நான் படுத்தேன். ஒண்ணாம் நம்பர்ல இருந்து இருபத்தொண்ணு வரைக்கும் என் மேலதான் பரீட்சை நடந்துச்சு. எட்டுப் பேருக்கு ஊட்டுத கேள்வி. எட்டுப் பேருக்கும் நான் முழுங்கணும். இருபத்தோரு பேரையும் பாஸ் பண்ண வச்ச உடம்பு அண்ணாச்சி இது.

நான் கடைசியாச் சேந்தவன், இருபத்திரண்டாம் நம்பர். ஒவ்வொரு பிள்ளையும் முடிச்ச ஒடனே கெளம்பிருச்சு. மூணு நாப்பதுக்கு பஸ்ஸு, அத விட்டா ஆறு மணிக்குத்தான். பொம்பளப்பிள்ளைக என்ன செய்யும்? ஆவுடைதான் இருபத்தொண்ணு. முடிச்சுட்டு, "வாரேன் அண்ணாச்சி, ஆல் தி பெஸ்ட்"னு சொல்லிட்டு ஓடுச்சு. வாசல்ல நின்னு திரும்பிக் கையக்கூட ஆட்டுச்சு.

எந்திரிச்சேன். விரிப்ப ஒதறிப் போட்டேன். வெள்ளக் கோட்ட மாட்டிட்டு வந்து நின்னேன்.

அந்தம்மா கட்டிலப் பாத்தாவ. "பேஷன்ட் எங்க?"

"நான்தாம்மா பேஷன்ட்."

"நீங்க கேண்டிடேட்டுல்லா?"

"அதுவும் நான்தாம்மா."

மூக்குக்கண்ணாடியக் களட்டிட்டு என்னைப் பாத்தாவ. "ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. யாரையாவது கூட்டிட்டு வாங்க. பத்து நிமிசம் டைம் தாரேன். ஆளு இல்லன்னா பரீட்சை இல்ல."

போனேன். தையல் கிளாஸ்ல மூணு பொம்பளைக இருந்தாவ. கட்டில்னு சொன்ன ஒடனே மிசின் மூணும் ஒண்ணா ஓட ஆரம்பிச்சிருச்சு. ஜெசிந்தா மிஸ்ஸுக்கு ஏழு மாசம், அவுகளக் கேக்கதே பாவம், ஆபீஸ்ல கவரு ஒட்டிட்டு இருந்தாவ. வாச்மேன்கிட்ட கேட்டேன். "நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா நீரா வே பாப்பீரு?"ன்னான். பாப்பேன், அதத்தான் படிக்கேன்னு சொன்னேன். அவன் கேட் ரூமுக்குள்ள போயிட்டான்.

வெறுங்கையோட திரும்பி வந்தேன். "ஆளு கெடைக்கலம்மா. அடுத்த வருசம் வாரேன்."

அந்தம்மா மார்க் சீட்ட மேசையில வச்சாவ. பேனாவ மட்டும் கையில வச்சுக்கிட்டு, செருப்பக் களட்டிட்டு, கட்டில்ல ஏறிப் படுத்துட்டாவ. கட்டில் ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க. "பேஷன்டுக்கு அறுபத்திமூணு வயசு. ரெண்டு காலும் வீக்கம். ஆளு சோந்து கெடக்கு. செய்ங்க பாப்போம்"னாவ.

கைக்குப் பழக்கமில்ல, ஆனா வாய் தன்னாலப் பேசுது. "அம்மா, இப்ப நாடி பாக்கப் போறேன், சரியா?" சரின்னாவ. எழுவத்தாறு. பிரசர் பாத்தேன். "இப்ப உங்கள இடது பக்கமாத் திருப்பப் போறேன், சரியா?" தோளுக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை. கனத்த உடம்புதான், வலிக்காமத் திரும்புனாவ. முதுகுக்கு ஒரு தலகாணி. "காலுக்கு அடியில ஒண்ணு வைக்கேம்மா, சரியா?"

அதுக்குப் பதில் வரல. தூங்கிட்டாவ.

நடிக்காவளோன்னு மொதல்ல நெனச்சேன். சோந்து கெடக்குன்னு சொன்னாவள்லா. பெறகு லேசா ஒரு குறட்டை. மூச்சு எண்ணுததுக்கு மட்டும் பேஷன்ட்கிட்ட சொல்லக் கூடாது அண்ணாச்சி. சொன்னா மூச்சு மாறிரும். அதனால எண்ணுனேன். பதினாலு. பெறகும் பதினாலு. பக்கத்துல ஸ்டூலப் போட்டு உக்காந்துக்கிட்டேன்.

நாலே முக்காலுக்கு ஆபீஸ் அட்டெண்டர், வயசானவரு, கதவத் தட்டாம உள்ள வந்தாரு. "மிஸ் மார்க் சீட்டு கேக்காவ, அஞ்சு மணிக்கு கவர சீல் வைக்கணுமாம்." நான் வாயில வெரல வச்சேன். கட்டில்ல கெடக்கது யாருன்னு பாத்தாரு. பெறகு என்னைப் பாத்தாரு. மேசையில இருந்த சீட்ட எடுத்துக்கிட்டாரு.

என் பேருக்கு நேரா அது காலியா இருந்துச்சு. தெரியும். நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். "அம்மா"ன்னு ஒரு சத்தம் குடுத்தா முடிஞ்சிருக்கும், பேனா அவுக கையிலதான் இருக்கு. ஆனா தூங்குத பேஷன்ட மருந்து நேரம் தவிர எழுப்பக் கூடாதுன்னு புஸ்தகத்துல அறுவத்தோராம் பக்கத்துல போட்டிருக்கான். கொட்ட எழுத்துல போட்டிருக்கான். அட்டெண்டர் சீட்டோட போனாரு. நான் எண்ணுனேன். பதினஞ்சு.

அஞ்சேகாலுக்கு முழிச்சாவ. எங்க இருக்கோம்னு அவுகளுக்குத் தெரியல. காலப் பாத்தாவ, காலுக்கு அடியில தலகாணியப் பாத்தாவ.

"ஏன்யா எழுப்பல?"

"தூங்குனியம்மா."

சீட்டு எங்கன்னு கேட்டாவ. சொன்னேன். கொஞ்ச நேரம் கட்டில்லயே காலத் தொங்கப் போட்டு உக்காந்திருந்தாவ. "நான் எழுதித் தாரேன். தேர்வு நேரத்துல தூங்கிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன். கவரப் பிரிச்சு மார்க்க ஏத்தச் சொல்லலாம்."

வேண்டாம்னுட்டேன். முப்பத்தஞ்சு வருச சர்வீஸ். அதுக்குக் கீழ அந்த ஒரு வரி எதுக்கு? அந்தம்மா செருப்ப மாட்டிக்கிட்டாவ. வார இழுத்து மாட்ட முடியுது, வீக்கம் கொஞ்சம் வடிஞ்சிருக்கு. அத ரெண்டு பேரும் பாத்தோம்.

அப்படித்தான் நான் ஆப்சென்ட்.

இந்தத் தடவ அப்படி நடக்காது. போர்டுல இருந்து புதுசா ஒரு சுற்றறிக்கை வந்திருக்கு. தேர்வர் ஒவ்வொருவரும் தமக்குரிய நோயாளியைத் தாமே அழைத்து வர வேண்டும். தமக்குரியன்னு எவன் எழுதுனானோ.

ரெண்டு வாரமாக் கேக்கேன். ஆவுடைக்குப் போன் போட்டேன், தூத்துக்குடியில ஆஸ்பத்திரியில வேலை, கல்யாணமும் ஆயிருச்சு போல. அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்கல. டூட்டில இருக்கும். மில்லுல என்கூட இருந்த நாலு பேரக் கேட்டேன். நாலு பேரும் நல்ல காரணம் சொன்னாவ. பக்கத்து வீட்டுக்காரரு எங்க வீட்டுக்குள்ளயே வந்ததில்ல, கட்டிலுக்கா வருவாரு?

போன ஞாயித்துக்கெழம வீட்டம்மாகிட்டயும் கேட்டேன். "ஒரு அரை மணி நேரம் வந்து படுத்தாப் போதும், நான் எல்லாம் கத்துக்கிட்டேன், பக்கத்துலயே இருந்து பாப்பேன்"னேன். "நான் படுக்க வேண்டியப்பல்லாம் படுத்தாச்சு"ன்னு சொல்லிட்டு வச்சுட்டா. அவளச் சொல்லியும் குத்தமில்ல. இந்த சீசன்ல கோயம்புத்தூர்ல இருந்து டிக்கெட் கெடைக்கிறது கஷ்டம்.

மானூரு தாண்டிருச்சா? அப்ப இன்னும் மூணு ஸ்டாப்பு.

நீங்க கண்ணாடி வாங்கத்தான திருநெல்வேலிக்குப் போறிய? ஏறும்போது போன்ல சொல்லிட்டு வந்தியள்லா, காதுல விழுந்துச்சு. கண்ணாடிக் கட ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் திறந்திருக்கும் அண்ணாச்சி. நான் நேத்தே எல்லாம் தொவச்சு வச்சிட்டேன், தலகாணி உறை, விரிப்பு எல்லாம் புதுசு மாதிரி. ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சா ரெண்டரைக்கு எந்திரிச்சிரலாம். உங்களுக்கு ஒரு நோயும் எழுத வேண்டாம், லேசா அசதின்னு எழுதிக்கிடலாம். சொல்லாம ஒரு வெரலு கூட மேல படாது. வலிச்சா வலிக்குன்னு சொல்லுங்க, நிறுத்திருவேன். தூக்கம் வந்தாத் தூங்குங்க, இந்தத் தடவ எக்சாமினர் வேற ஆளு, அவுக முழிச்சிருப்பாவ.

உங்க வீட்ல ஏதும் சொல்லுவாவளா?

யோசிங்க, யோசிங்க. அவசரம் ஒண்ணும் இல்ல.

அந்தா தெரியுது பாருங்க மஞ்ச கேட்டு, அதான் காலேஜு. நான் ஜன்னல் பக்கம் மாட்டிக்கிட்டேன், நீங்க அசைஞ்சாத்தான் எனக்கு வழி. என்கூட எந்திரிக்கியளா அண்ணாச்சி, இல்ல கால மட்டும் கொஞ்சம் ஒதுக்கிக்கிடுதியளா?